காற்றூட்டத் தொட்டியின் மேலுள்ள காற்று

அவையோருக்கு வணக்கம்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்றதும் வெளியேறும் நீர் சுத்தமா என்றுதான் கேட்கிறோம். அங்கிருந்து கிளம்பும் காற்றை யாரும் கேட்பதில்லை.

கறை பிடிக்காத துணி, எண்ணெய் ஊறாத உணவுத்தாள், தீயணைப்பு நுரை ஆகியவற்றிலுள்ள பிஃபாஸ் எனும் புளோரீன் சேர்வைகள் கழிவுநீரோடு அங்கே வருகின்றன. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒட்சிசன் கொடுக்கத் தொட்டியின் அடியிலிருந்து காற்றை ஊதும்போது, பிஃபாஸில் எளிதில் ஆவியாகும் வகையான புளோரோடெலோமர் அற்ககோல்கள் ஆவியாகிக் குமிழியோடு வெளியேறும். திருகோணமலை வெயிலில் இன்னும் விரைவாக. பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் போன்ற வேறு பிஃபாஸ் வகைகள் சவர்க்காரம்போலக் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டி, அது வெடிக்கையில் நுண்துளியாகப் பறக்கும். மேலே சொன்ன அற்ககோல்களில் 8:2 எனப்படும் ஒன்றோ வளிமண்டலத்தில் சிதைந்து பிஎஃப்ஓஏ-யையும் உண்டாக்குகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என 2023இல் வகைப்படுத்தப்பட்ட பொருள் இந்தப் பிஎஃப்ஓஏ. கனடாவின் ஒன்ராறியோவில் அளந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், நிலையத்துக் காற்றில் பிஃபாஸ் சேர்வைகள் ஒப்பீட்டு இடங்களைவிட 3 முதல் 15 மடங்கு இருந்தன.

இங்கே அளப்பதானால் காற்றின் திசைதான் முதற் சிக்கல். வாடைக்காற்று கடலிலிருந்து வருகிறது; அலை தெறிக்கும் நுண்துளியிலும் பிஃபாஸ் உண்டு. ஆகவே காற்று வரும் பக்கத்திலும் போகும் பக்கத்திலும் ஒரே நேரத்தில் மாதிரி எடுக்காவிட்டால், கடலின் பங்கை நிலையத்தின் தலையில் கட்டிவிடுவோம். தரைப்பக்கமிருந்து கச்சான் வீசும் மாதங்களிலும் மறுபடி எடுக்க வேண்டும். துளிக்கு நார்க்கண்ணாடி வடிதாள், அதன் பின்னே ஆவியைப் பிடிக்க நுரைப்பஞ்சும் உறிஞ்சும் ரெசினும் அடைத்த குழாய். வெப்பத்தில் ஆவி குழாயைக் கடந்து போய்விடும். அதைக் கண்டுபிடிக்க, பின்னால் இரண்டாவது குழாயொன்றைப் பொருத்துங்கள். பிஃபாஸ் கொண்டிருக்கக்கூடிய ரெஃப்லோன் குழல், நீர் ஒட்டாத மழையங்கி இரண்டையும் அருகில் கொண்டுவரக் கூடாது. காற்று இழுக்காத வெற்றுக் குழாயொன்றையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பாவிட்டால் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

குறைப்பதற்கு, தேவைக்கு மேல் ஊதாதீர்கள். கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருந்தால் பெரும்பாலும் போதும். நீரை வாரியிறைக்கும் மேற்பரப்புக் காற்றூட்டியைவிட அடியிலிருந்து நுண்குமிழிகளை விடும் பரப்பிக் கருவி நல்லது. குறைந்த காற்றில் வேலை முடியும். நுரையில் பிஃபாஸ் செறிந்திருக்கும், அதை நீர் பீய்ச்சி உடைக்காமல் வழித்தெடுங்கள். தொட்டியை மூடி, காற்றை, ஆவியை உறிஞ்சும் ஏவப்பட்ட காபன் வழியே இழுப்பதுதான் உறுதியான வழி. முன்னால் ஈரம் பிரிக்காவிட்டால் காபன் நீரை உறிஞ்சிச் சீக்கிரம் செயலிழக்கும்.

தொட்டியருகே நிற்கும் தொழிலாளிக்குச் சாதாரண முகக்கவசம் துளியில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. சேதன ஆவிக்கான வடிப்பானும் துகள் வடிப்பானும் சேர்ந்த கவசத்தைக் கொடுங்கள்.