பிராகில் ஒரு பகல்

வணக்கம் நேயர்களே. நாற்பது வருஷமாகக் கடிகாரம் பழுதுபார்க்கிறவன் நான். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பல்சக்கரத்தைப் பார்த்தே பாதி ஆயுள் போயிற்று. இப்படிப்பட்டவனைக் கூட்டாளிகள் மூன்று பேர் செக் நாட்டுத் தலைநகர் பிராகுக்கு அழைத்துப் போனால் என்ன ஆகும்? காலை ஒன்பதுக்குப் பழைய நகரச் சதுக்கம், பத்துக்குச் சார்லஸ் பாலம், மதியம் கோட்டை. இது அவர்கள் போட்ட திட்டம். சதுக்கத்தை விட்டு நகரவே பன்னிரண்டு தாண்டிவிட்டது. காரணம் நான்தான்.

அங்கே பழைய நகரமன்றச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. 1410-இல் வைத்தது, இன்றைக்கும் ஓடுகிறது. மணி அடிக்க வேண்டிய நேரம் வந்ததும் ஓரத்தில் நிற்கும் எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுக்கிறது, கையிலிருக்கும் மணல் கடிகாரத்தைக் கவிழ்க்கிறது. பக்கத்தில் கண்ணாடி பார்ப்பவன், பணப்பை வைத்திருப்பவன் எல்லோரும் தலையை ஆட்டுகிறார்கள். ‘நான் வரலப்பா’ என்று சொல்கிற மாதிரியே இருக்கிறது! மேலே இரண்டு ஜன்னல் திறந்து, இயேசுவின் சீடர்கள் பன்னிரண்டு பேரும் வரிசையாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கடைசியில் ஒரு சேவல் கூவும். அவ்வளவுதான், ஒரு நிமிஷம் போல. கூட்டம் கலைந்துவிடுகிறது. என் கூட்டாளி ஒருவர், “இதுக்கா அரைமணி நேரம் நின்னோம்?” என்றார். பாவம், அவர் போனை நிமிர்த்திப் பிடிப்பதற்குள் சேவலே கூவி முடித்துவிட்டது. அதனால் அடுத்த மணிக்கும் நின்றோம். மூன்றாவது தடவை நின்றது எனக்காக.

பொம்மைகள் பின்னால் வந்து சேர்ந்தவை. பார்க்க வேண்டியது டயல். வெளிவட்டத்தில் தங்க நிறத்தில் 1 முதல் 24 வரை எண்கள். அந்த வட்டமே நகரும். அதில் நாள் தொடங்குவது நள்ளிரவில் இல்லை, சூரியன் மறையும்போது. மாலை ஆறுக்குப் பொழுது சாய்ந்தால், நம் ஏழு மணி அவர்களுக்கு ஒன்று. நம் பஞ்சாங்கத்தில் உதயாதி நாழிகை என்று போடுகிறோமே, சூரியன் உதித்ததிலிருந்து எண்ணுவது, அதை அப்படியே மாலைக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஒரு நாளுக்கு அறுபது நாழிகை, அவர்களுக்கு இருபத்து நான்கு மணி. பொழுதைப் பார்த்து எண்ணுவது இரண்டிலும் ஒன்றுதான்.

உள்ளே ஒரே அச்சில் மூன்று பெரிய சக்கரங்கள். பற்கள் 365, 366, 379. முறையே ராசி வட்டம், சூரியன், சந்திரன். படம் போட்டுக் காட்ட வானொலியில் வழியில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: சூரியச் சக்கரத்தைவிட ராசிச் சக்கரத்துக்கு ஒரு பல் குறைவு. குறைந்த அந்த ஒரே பல்லால் அது கொஞ்சம் முந்தி ஓடி, ஒரு வருஷத்தில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிடும். ஒரு பல்! இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கை அரிக்கிறது.

இதைச் செய்தவர் ஹனுஷ் என்பவர், வேறு ஊருக்கு இன்னொன்று செய்துவிடக் கூடாதென்று அவர் கண்ணைக் குருடாக்கினார்கள் என்று அங்கே ஒரு கதை உண்டு. செய்தது அவரில்லை. கடான் ஊர் மிக்குலாஷ் என்ற கடிகாரக்காரர் என்று 1410-ஆம் வருஷப் பத்திரமே இருக்கிறது. ஆனாலும் ஊர் கதையைத்தான் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் யூதர் பகுதிக்குப் போனோம். அவர்களுடைய பழைய மன்றத்தில் எபிரேய எழுத்துக் கடிகாரம் ஒன்று உண்டு. எபிரேயத்தை வலமிருந்து இடமாகப் படிப்பதால் முள்ளும் இடப்பக்கமாகச் சுற்றுகிறது. “உன் கடையில சரிபண்ணினதாடா?” என்று மூன்று பேரும் சேர்ந்து கேட்டார்கள். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய!

வானொலி நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒற்றை விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தான் பாக்கி. சார்லஸ் பாலம் 1357-இல் தொடங்கியது, முப்பது சிலைகள், காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் தாங்காது. கோட்டைக்குள் செயின்ட் வைட்டஸ் பேராலயம், 1344-இல் தொடங்கி 1929-இல் முடித்தார்கள். பழைய நகரத்துக்கு ஆற்றின் எதிர்க்கரையில் லெட்னா குன்றின் மேல், முன்பு ஸ்டாலின் சிலை நின்ற இடத்தில், இசைக்காரர்கள் தாளத்துக்கு வைப்பார்களே மெட்ரோனோம், அதைப் பெரிதாகச் செய்து ஆடவிட்டிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச நினைத்தேன், சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.