விஜய் அமிர்தராஜ்: பெருமை ஆடுகளத்தில்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

‘நம் சென்னையில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜின் பெருமைக்குப் பெரிதும் காரணம் அவர் ஆடிய ஆட்டமா, ஆட்டத்துக்கு ஆற்றிய தொண்டா’ என்ற தலைப்பில், ஆட்டமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், அவர் டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில் ஒற்றையர் பட்டம் ஒன்றுகூட வெல்லவில்லை என்றார். 2024இல் சர்வதேச டென்னிஸ் புகழ்மன்றம் அவரைப் பங்களிப்பாளர் பிரிவில்தான் சேர்த்தது, ஆட்டக்காரர் பிரிவில் அல்ல என்றும் எடுத்துக்காட்டினார். இரண்டும் உண்மை. அவற்றிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவைத்தான் நான் மறுக்கிறேன்.

தோற்றார் என்கிறீர்களே, யாரிடம், எப்படித் தோற்றார் என்று பார்க்க வேண்டாமா? 1973 விம்பிள்டன் கால் இறுதியில், 19 வயதில், யான் கோடெஷிடம் ஐந்தாவது செட்டை 5-7 என்று இழந்தார். அந்த ஆண்டு பட்டம் வென்றவர் அந்தக் கோடெஷ்தான். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் ஆஸ்திரேலிய ஜாம்பவான் ராட் லேவரையே வீழ்த்தினார். 1979 விம்பிள்டனின் இரண்டாம் சுற்றை நினைத்துப் பாருங்கள். எதிரே நின்றவர், தொடர்ந்து மூன்று முறை பட்டம் வென்று நான்காவதற்கு வந்திருந்த பியோன் போர்க். மூன்று செட் முடிந்தபோது 6-2, 4-6, 6-4 என்று முன்னிலையில் இருந்தவர் நம் விஜய். நான்காவது செட், சமநிலையை முறிக்க ஆடும் டைபிரேக் வரை போனது. அதில் இரண்டு மூன்று பந்துகள் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் போர்க் அன்றே ஊர் திரும்பியிருப்பார். அதைத் தோல்வி என்று ஒரே சொல்லில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஒற்றையரில் அவர் வென்ற பட்டங்கள் பல. 1974இல், நாடுகளின் அணிகள் மோதும் டேவிஸ் கோப்பையின் இறுதிக்கு இந்தியாவைக் கொண்டுசேர்த்த அணியில் அவர் இருந்தார். நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவோடு ஆடுவதில்லை என்று நாடு எடுத்த முடிவால் அந்த இறுதி ஆட்டம் நடக்கவே இல்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 33 வயதில், டெல்லியில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் மார்ட்டின் ஹைட்டேயிடம் முதல் இரண்டு செட்டுகளையும் இழந்துவிட்டு, மீதி மூன்றையும் வென்றார். அந்த ஆண்டுதான் இந்தியா மீண்டும் இறுதிக்குப் போனது.

பின்னாளில் டென்னிஸ் நட்சத்திரமான லியாண்டர் பயஸ் சிறுவனாக 1985இல் சென்னைக்கு வந்து பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்ததைத் தொண்டுக்குச் சான்றாக நண்பர் காட்டினார். நல்ல சான்றுதான். ஆனால் அந்தத் திட்டத்தின் பெயரில் இருக்கும் ‘அமிர்தராஜ்’ என்ற சொல்லுக்கு, பெற்றோர் நம்பிப் பிள்ளையை அனுப்பும் அளவுக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? மரச்சட்ட மட்டையோடு புல்தரையில் லேவரையும் போர்க்கையும் எதிர்கொண்ட ஆண்டுகளில் வந்ததா, வேறெங்காவது வந்ததா? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு விடை சொல்லட்டும். நன்றி, வணக்கம்.