நிறை அசையாமல் நிற்கும்போது கணக்கை எங்கே தொடங்குவது?

நேயர்களுக்கு வணக்கம்.

சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி, பின்னேரங்களில் பண்ணைப் பக்கம் நடந்து, ஏழெட்டுக் கிலோ குறைத்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தொடக்கத்தில் மளமளவென்று இறங்கிய நிறை இப்போது அப்படியே நிற்கிறது. உடனே என்ன செய்கிறோம்? இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிறோம், நாலு இடியப்பத்தை இரண்டாக்குகிறோம். கொஞ்ச நாளில் களைப்பும் எரிச்சலும் வந்து, எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. போசாக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். சாப்பாட்டில் கை வைக்க முன்பு கணக்கைப் புதிதாகப் போடுங்கள் என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது.

ஏன் புதிதாகப் போட வேண்டும்? நீங்கள் இப்போது பழைய ஆள் இல்லை. பத்துக் கிலோ அரிசிப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடப்பதற்கும் வெறுங்கையோடு நடப்பதற்கும் உடம்பு செலவழிக்கும் சக்தி ஒன்றல்லவே. பத்துக் கிலோ குறைந்தவர் அந்தப் பையை இறக்கி வைத்துவிட்டார். முந்திய உடம்புக்குப் போட்ட கணக்கு இந்த உடம்புக்குப் பொருந்தாது.

பேனையும் கடதாசியும் பக்கத்தில் இருந்தால் எடுங்கள். மிஃப்ளின், சென் ஜோர் என்பவர்களும் கூட இருந்தவர்களும் 1990இல் வெளியிட்ட சூத்திரம் ஒன்று உலகம் முழுவதும் பாவனையில் இருக்கிறது. உங்கள் நிறையைக் கிலோவில் எழுதிப் பத்தால் பெருக்குங்கள். உயரத்தைச் சென்ரிமீற்றரில் எழுதி 6.25ஆல் பெருக்கி, அதோடு கூட்டுங்கள். வயதை ஐந்தால் பெருக்கிக் கழியுங்கள். பெண்கள் இன்னும் 161ஐக் கழிக்க வேண்டும், ஆண்கள் 5ஐக் கூட்ட வேண்டும். மறுபடி சொல்கிறேன்: நிறை தர பத்து, உயரம் தர 6.25, இரண்டையும் கூட்டி, வயது தர ஐந்தைக் கழித்து, பெண்ணுக்கு 161 கழித்தல், ஆணுக்கு 5 கூட்டல். சும்மா படுத்திருந்தாலே உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் கலோரி அது. பெரும்பாலும் இருந்து வேலை செய்பவர் அதை 1.2ஆல் பெருக்க வேண்டும். வீட்டு வேலை, கொஞ்ச நடை உள்ளவர் 1.375ஆல். தோட்டம் கொத்துகிறவருக்கு இன்னும் கூட. அப்படிப் பெருக்கி வருவதுதான் ஒரு நாளைக்கு உங்களுக்கு வேண்டிய மொத்தக் கலோரி.

என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் கதையைச் சொன்னால் இது விளங்கும். வயது 62, உயரம் 158 சென்ரிமீற்றர். 82 கிலோவிலிருந்து எட்டு மாதத்தில் 72க்கு வந்துவிட்டார். அதன்பிறகு ஒரு கிலோகூட இறங்கவில்லை. "பிள்ளை, நான் சாப்பிடுறதே ஒரு பிடி. பிறகேன் இது இறங்குதில்லை?" என்று கேட்டார். குரலில் கவலை தெரிந்தது. அவருடைய கணக்கை 1.375ஆல் பெருக்கிப் போட்டோம். 82 கிலோவில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,840 கலோரி. 72 கிலோவில் 1,700. பத்துக் கிலோ குறைந்ததற்கு வித்தியாசம் வெறும் 140 கலோரிதான். அவர் தன் கணக்கில் சாப்பிட்டதோ 1,400. அப்படியென்றால் நிறை இன்னும் இறங்கத்தானே வேண்டும்?

"ரீச்சர், ஒருக்கா கொப்பியில எழுதிப் பாப்பம்" என்றேன். ஆசிரியர் அல்லவா, கோடு போட்டு, திகதி போட்டு, அழகாக எழுதிக்கொண்டு வந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை அவர் சொன்ன அதே 1,400. சனியும் ஞாயிறும் 2,400. கொழும்பில் இருந்த மகளின் குடும்பம் யாழ்ப்பாணத்துக்கே வந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் வந்து இறங்குவார்கள். புட்டு, இறைச்சிக் கறி, பின்னேரம் றோல்ஸ், பிள்ளைகள் மிச்சம் விட்டதையும் வீணாக்க மனமில்லாமல் அம்மம்மாவே சாப்பிடுவார். ஐந்து நாள் 1,400, இரண்டு நாள் 2,400. கூட்டி ஏழால் பிரித்தால் 1,686. அவருடைய இன்றைய தேவையும் கிட்டத்தட்ட அதுதான். நிறை நின்றதில் ஒரு மர்மமும் இல்லை. ரீச்சரும் பொய் சொல்லவில்லை, ஐந்து நாளும் உண்மையாகவே கட்டுப்பாடாக இருந்திருக்கிறார்.

இது எல்லா மனிதருக்கும் நடப்பது. எவ்வளவு குறைத்தாலும் நிறை இறங்குவதில்லை என்று சொன்ன சிலரை நியூயோர்க்கில் பரிசோதித்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 வீதம் குறைத்தே சொல்லியிருந்தார்கள். உடம்பு சக்தியைச் செலவழிப்பதில் மந்தம் ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் சமையலில் எது எண்ணிக்கைக்குத் தப்புகிறது? எண்ணெயும் தேங்காயும். இதை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் விட்டதில்லை. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. தாளிக்கும்போது கரண்டி வைத்து ஊற்றுகிறவர் யார்? போத்தலைச் சரிக்கிறோம், அவ்வளவுதான். ஆகவே கரண்டியை விட்டுவிட்டுப் போத்தலை எண்ணுங்கள். 750 மில்லிலீற்றர் போத்தல் நாலு பேர் வீட்டில் ஒரு கிழமையில் முடிந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 220 கலோரி வருகிறது. அதேபோல் தேங்காய். 100 கிராம் தேங்காய்ப்பூவில் ஏறக்குறைய 350 கலோரி. காலையில் சம்பல், மத்தியானம் பால்க்கறி, இரவு புட்டுக்குள்ளும் பூ, தொட்டுக்கொள்ளச் சொதி. தேங்காயை விடச் சொல்லவில்லை, அது இல்லாமல் எங்களுக்குச் சாப்பாடு ஏது? கிழமைக்கு எத்தனை தேங்காய் உடைக்கிறோம் என்று எண்ணுங்கள். சோற்றுக்குச் சுண்டு இருக்கிறது, அளந்து போடுகிறோம். தேங்காய்க்கு அளவே இல்லை.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சூத்திரம் சொல்லும் எண் ஒரு மதிப்பீடு மட்டுமே. ஆளுக்கு ஆள் நூறு, இருநூறு மாறும். நிறை குறைந்த உடம்பு செலவைக் கொஞ்சம் சுருக்கியும் கொள்ளும். உங்கள் உண்மையான எண்ணைக் கண்டுபிடிக்க நல்ல காலம், நிறை அசையாமல் நிற்கும் இந்தக் காலம்தான். மூன்று நாலு கிழமைக்கு ஒன்றையும் மாற்றாமல் சாப்பிட்டதை எல்லாம் எழுதுங்கள், வார இறுதியையும் சேர்த்து. தினமும் காலையில் வெறும் வயிற்றோடு நிறை பார்த்து, கிழமைக் கிழமை சராசரி எடுங்கள். அந்தச் சராசரிகள் ஒரே இடத்தில் நின்றால், நீங்கள் சாப்பிடுவதுதான் உங்கள் தேவை. அதிலிருந்து 200, 300 குறையுங்கள். எழுதுவதில் சின்னப் பிழை இருந்தாலும் பரவாயில்லை, தினமும் ஒரே மாதிரி எழுதினால் அந்தப் பிழை இரண்டு பக்கமும் சமமாகவே நிற்கும்.

ஒரு நாள் தராசை நம்பாதீர்கள். கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் சாப்பிட்ட மறுநாள் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைத்து ஒரு கிலோ கூடக் காட்டும். அது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு ஏற ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். தசை கரையாமல் பார்ப்பது பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: மூன்று வேளையிலும் மீனோ முட்டையோ பருப்போ பயறோ இருக்கட்டும், நடையோடு பாரம் தூக்கும் பயிற்சியும் கொஞ்சம் வேண்டும். நாளைக்கு 1,200 கலோரிக்குக் கீழே வைத்தியர் சொல்லாமல் போக வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இந்தக் கணக்கைப் போட வேண்டாம். நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்க முன்பு கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். மருந்து அதே அளவில் இருக்க, சாப்பாடு மட்டும் குறைந்தால் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரும். நன்றி, வணக்கம்.