பிடுங்கிய பல்லும் வாயிலுள்ள பல்லும்

நேயர்களுக்கு வணக்கம்.

இராமேசுவரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரை நெடுகிலும் உள்ள ஊர்களிலிருந்து பல் வலியோடு வருகிறவர்களில் சிலர், நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "எக்ஸ்-ரே எடுத்துத்தான் ஆகணுமா டாக்டர், உடம்புக்குக் கெடுதல் இல்லையா?" என்று கேட்பார்கள். வேறு சிலரோ, "இருக்கிறதிலேயே பெரிய ஸ்கேனாக எடுத்துவிடுங்கள், எதுவும் விட்டுப்போகக் கூடாது" என்பார்கள். இந்த இரு சாராருக்கும் நான் சொல்லக்கூடிய பதில் ஒன்றே. பல்லின் உள்ளமைப்பு பொதுவாக எப்படியெல்லாம் இருக்கும் என்ற அறிவை, பிடுங்கிய பற்களிலிருந்து எவ்வளவு கதிரைச் செலுத்தி வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். உயிரோடிருக்கும் ஒருவரின் வாய்க்குள் கதிரைச் செலுத்துவதற்கு, அவருக்கே பயன்படும் காரணம் ஒன்று இருக்கவேண்டும். முதலாவது வளர வளர, இரண்டாவதன் தேவை குறைகிறது.

பல்லில் நம் கண்ணுக்குத் தெரிவது ஈறுக்கு மேலே உள்ள பகுதி மட்டுமே. எனாமல் என்ற வெளியடுக்குக்குக் கீழே டென்டைன் என்ற உள்ளடுக்கு. அதன் நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழ். அந்தப் பற்கூழ் வேருக்குள் இறங்கும் பாதைக்கு வேர்க்கால்வாய் என்று பெயர். சொத்தை பற்கூழை எட்டிவிட்டால், எல்லாக் கால்வாய்களையும் கண்டுபிடித்துச் சுத்தம் செய்து அடைப்பதுதான் வேர் சிகிச்சை. ஒன்றை விட்டுவிட்டாலும், அதில் தங்கிய கிருமிகள் பின்னாளில் வேர்நுனியில் சீழ் கட்ட வைக்கும். சிக்கல் என்னவென்றால், எத்தனை கால்வாய்கள் என்பது பல்லுக்குப் பல் மாறும். மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர்கள். அவற்றில் கன்னப் பக்கத்து முன்வேரில் இரண்டாவதாக ஒரு மெல்லிய கால்வாய் மிகப் பலருக்கு மறைந்திருக்கிறது. கீழ்த்தாடையின் இரண்டாம் கடைவாய்ப்பல்லில் சிலருக்குக் கால்வாய்கள் தனித்தனியாகப் பிரியாமல் ஒரே வளைந்த பிளவாக இறங்கும். கீழ் முதல் கடைவாய்ப்பல்லில் நாக்குப் பக்கமாகக் கூடுதல் வேர் ஒன்று இருப்பது ஐரோப்பியரைவிடக் கிழக்காசிய மக்களிடம் அதிகம் என்பது தெரிந்த செய்தி. ஆகவே, ஓர் ஊர் மக்களின் பற்களைப் பார்த்து எழுதிய பாடம் இன்னோர் ஊருக்கு அப்படியே பொருந்திவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த அறிவு வந்த வழி சுவையானது. சூரிச் நகரத்து வால்டர் ஹெஸ், 1917-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, பிடுங்கிய பற்களின் கால்வாய்களுக்குள் ரப்பரைச் செலுத்தி இறுகவிட்டு, பிறகு பல்லையே அமிலத்தில் கரைத்துவிட்டார். எஞ்சிய ரப்பர் அச்சில், கால்வாய்களின் கிளைகளும் குறுக்கு இணைப்புகளும் அப்படியே நின்றன. பல்லைச் செங்குத்தாக அறுத்துப் பார்ப்பது இன்னொரு வழி. கீழக்கரைப் பக்கம் சங்கறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை: அறுத்தால் உள்ளே சுருளும் அறை தெரியும், ஆனால் அறுத்த சங்கை மறுபடி முழுசாக்க முடியாது, வேறொரு கோணத்தில் அறுத்துப் பார்க்கவும் முடியாது. அறுக்காமலே உள்ளே பார்க்கும் கருவியை 1982-இல் இலண்டனில் எலியட், டோவர் என்ற இருவர் அறிவித்தபோது, அவர்கள் முதலில் படமெடுத்துக் காட்டியது ஒரு சிறு நத்தையின் ஓடு. மைக்ரோ சி.டி. என்று இன்று நாம் சொல்லும் அந்த முறையில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு நுணுக்கம்கூடத் தெரியும். அதற்காகப் பல் நெடுநேரம் கதிரில் கிடக்கவேண்டும். வாங்கும் கதிரளவும் மிக அதிகம். பிடுங்கிய பல்லுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. வாயிலுள்ள பல்லுக்கு இதைச் செய்வது நினைத்தும் பார்க்கக் கூடாத காரியம்.

கருவி இல்லாமல் கிடைத்த பயனும் உண்டு. 2004-இல் அமெரிக்காவில் கிராஸ்னர், ரேங்கோ என்ற இருவர், பிடுங்கிய 500 பற்களின் பற்கூழறைகளை ஆராய்ந்து சில விதிகளை வகுத்தார்கள். அறையின் தரை அதன் சுவர்களைவிட எப்போதும் கருமையாக இருக்கும். கால்வாய்களின் வாய்கள் சுவரும் தரையும் சேரும் கோட்டில்தான் அமைந்திருக்கும். இதைப் படித்த மருத்துவர் நல்ல வெளிச்சத்திலும் உருப்பெருக்கியிலும் அந்தக் கோட்டைப் பின்பற்றித் தேடுவார்; படிக்காதவர் இன்னொரு படம் எழுதிக் கொடுப்பார். கதிர்ப் பாதுகாப்பு என்றதும் ஈயக் கவசத்தை நினைக்கிறோமே தவிர, உடற்கூறு நன்றாகத் தெரிந்த மருத்துவரின் கண்ணை யாரும் நினைப்பதில்லை.

இனி அளவைப் பார்ப்போம். ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது 1895 நவம்பரில். சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஜெர்மனியின் வால்காஃப் தன் பற்களையே படமெடுத்துக்கொண்டார். அதற்கு 25 நிமிடம் அசையாமல் இருக்கவேண்டியிருந்தது. அமெரிக்காவில் பல் எக்ஸ்-ரேயைப் பரப்பிய எட்மண்ட் கெல்ஸ், பல ஆண்டுகள் கதிர் பட்டதால் விரல்களையும் பிறகு கையையும் இழந்தார். இன்று ஒரு வினாடியின் சிறு பகுதி போதும். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் உணவிலிருந்தும் ஒரு மனிதர் இயற்கையாகப் பெறும் கதிரளவு உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அதாவது நாளொன்றுக்கு ஆறு ஏழு மைக்ரோசீவர்ட் (சீவர்ட் என்பது உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு; ஆயிரம் மைக்ரோசீவர்ட் சேர்ந்தது ஒரு மில்லிசீவர்ட்). வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறு படம் ஒன்றின் அளவு ஏறக்குறைய இதே ஒரு நாள் கணக்கிலோ அதற்குக் கீழோ அடங்கும். தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. இதைப்போலச் சில மடங்கு. முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேனில்தான் வித்தியாசம் மிகப் பெரியது: கருவியையும் படமெடுக்கும் பரப்பையும் பொறுத்து, பத்துச் சொச்சம் மைக்ரோசீவர்ட்டிலிருந்து பல நூறு வரை போகும். ஒரே ஒரு பல்லில் சந்தேகம் இருக்கும்போது, முகம் முழுவதையும் ஏன் ஸ்கேன் செய்யவேண்டும்? அதற்கு முன்னால் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. ஒரே பல்லை நேராக ஒரு படமும், கதிர்க்குழாயைப் பக்கவாட்டில் இருபது பாகை நகர்த்தி இன்னொரு படமும் எடுத்தால், ஒன்றின் பின் ஒன்றாக மறைந்து நின்ற கால்வாய்கள் பிரிந்து தெரியும். அதிலும் விளங்காதபோது, அந்தப் பல் அடங்கும் சிறு பரப்பை மட்டும் முப்பரிமாணத்தில் எடுக்கலாம்.

நம் கரையில் தேவையற்ற கதிர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், நான் முதலில் கைகாட்டுவது இருட்டறையை. இன்னும் ஃபிலிமில் எடுக்கும் கிளினிக்குகள் உண்டு. ஃபிலிமைக் கழுவும் டெவலப்பர் கரைசல் 20 டிகிரி வெப்பத்தில் சுமார் ஐந்து நிமிடம் என்று கணக்கிட்டுச் செய்தது. இராமநாதபுரத்து மே மாத வெயிலில் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? படம் சீக்கிரமே கருத்துவிடுகிறது என்று கண்ணால் பார்த்துப் பாதியிலேயே எடுத்துவிடுவார்கள். கரைசல் பழசாகிப் படம் வெளிறினால், கரைசலை மாற்றாமல் கதிர் விடும் நேரத்தைக் கூட்டுவார்கள். கரைசலுக்கு ஆகும் செலவு மிச்சமாகிறது; அதை நோயாளி தன் உடம்பால் ஈடுகட்டுகிறார். ஃபிலிமுக்குப் பதிலாக, படத்தை நேரே கணினியில் காட்டும் சென்சார் உள்ள இடங்களில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் உடனே படம் தெரிகிறது என்பதாலேயே, "சரியாக வரவில்லை, இன்னொன்று" என்று விரல் சுலபமாக பட்டனுக்குப் போய்விடுகிறது.

அடுத்தது கதிரின் அகலம். வட்டக் குழாயின் வழியே வரும் கற்றை ஆறு ஏழு சென்டிமீட்டர் விட்டம் உடையது. பெரியவர்களுக்கு வைக்கும் ஃபிலிமோ மூன்றுக்கு நான்கு சென்டிமீட்டர்தான். படத்தில் பதியாத மீதிக் கதிர் வீணாகக் கன்னத்தில் விழுகிறது. குழாயின் முனையில் செவ்வகத் திறப்புள்ள மூடி ஒன்றை மாட்டினால் கதிரளவு பாதிக்கும் கீழே வந்துவிடும். ஃபிலிமை நோயாளி தன் விரலால் பிடிப்பதும் தவறு, உதவியாளர் பிடிப்பது அதைவிடத் தவறு. அதற்கென்று தாங்கி இருக்கிறது. ஈயக் கவசம் குறித்துப் பலர் கேட்கிறார்கள். பல் படங்களுக்கு அது இனித் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் அறிவித்துவிட்டது, ஏனென்றால் தாடைக்குள்ளேயே சிதறி உடம்புக்குள் இறங்கும் கதிரை வெளியே போர்த்திய ஈயம் தடுப்பதில்லை. ஆனாலும் நம் ஊர் கிளினிக்கில் போட்டுக்கொள்ளச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள், அதில் தகராறு வேண்டாம். அதைவிட முக்கியம், அந்தக் கருவி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு செய்யப்பட்டதா என்பது. பல் மருத்துவ முகாமுக்குக் கையில் தூக்கி வரும் கருவிக்கும் இதே கேள்விதான்.

நேயர்கள் செய்யக்கூடியது ஒன்று. இங்கே ஒரு கிளினிக்கில் படம் எடுத்து, மதுரைக்குப் போய் அங்கே மறுபடி எடுத்து, திரும்பி வந்தபின் மூன்றாவதாகவும் எடுப்பது சாதாரணமாக நடக்கிறது, பழைய படம் கையில் இல்லை என்ற ஒரே காரணத்தால். ஸ்கேன் எடுத்தால் அச்சிட்ட தாளோடு திருப்தி அடையாமல், பென்டிரைவிலோ குறுந்தட்டிலோ முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிப் பெண்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு, தேவையான படத்தைப் பயந்து தள்ளிப்போடாமல் இருக்கவேண்டும், ஏனென்றால் தாடையில் பரவும் சீழ் அதைவிட ஆபத்தானது.

மருத்துவர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. நம் கிளினிக்குகளிலும் முகாம்களிலும் பிடுங்கும் கடைவாய்ப்பற்கள் மருத்துவக் கழிவோடு போய்விடுகின்றன. நோயாளியின் சம்மதத்தோடும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடும், பெயரைக் குறிக்காமல் வயது, பாலினம், எந்தப் பல் என்ற மூன்றை மட்டும் எழுதி, கிருமி நீக்கிச் சேர்த்துவைத்தால், இந்தக் கரையில் வாழும் மக்களின் கடைவாய்ப்பற்களில் எத்தனை வேர், எத்தனை கால்வாய் என்பதற்கு நமக்கென்று ஒரு கணக்கு கிடைக்கும். வேறு நோய்க்காக ஏற்கெனவே எடுத்துக் கணினியில் கிடக்கும் ஸ்கேன்களையும் அதே ஒப்புதலோடு பார்க்கலாம். புதிதாக ஒருவர்மீதும் கதிர் பட வேண்டியதில்லை. இந்தக் கணக்குக்காகவென்று வலியில்லாத ஒருவரை அழைத்து ஸ்கேன் எடுப்பதை மட்டும் யாரும் செய்யக் கூடாது.

நன்றி, வணக்கம்.