உயிரணுவின் மேற்பரப்பில் ஒரு சர்க்கரை

நேயர்களுக்கு என் வணக்கம். உடலின் பலவகை உயிரணுக்களாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களை ஆய்வகத்தில் வளர்க்கும்போது அவற்றில் ஏறிக்கொள்ளும் ஒரு சர்க்கரையைப் பற்றி இன்று பேசுகிறேன்.

எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உற்பத்தி செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிட்ட நோயாளிகளுக்கு, குதிரையின் இரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கி எடுத்த தெளிநீரான சீரத்தைக் கொண்டு செய்யும் சிகிச்சை ஒன்று உண்டு. 1980களில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இரத்தநோய் மருத்துவராக இருந்த அஜித் வர்க்கி, தம் நோயாளி ஒருவருக்கு இந்தச் சிகிச்சையை அளித்தார். அந்த நோயாளிக்கு, காய்ச்சலும் தோல் தடிப்பும் மூட்டுவலியுமாக வரும் 'சீரம் நோய்' கண்டது. வேற்று விலங்கின் புரதத்தை உடல் எதிர்க்கிறது என்று குறித்துவைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கவனிக்கப் போவதே பெரும்பாலான மருத்துவர்களின் வழக்கம். அதில் தவறும் இல்லை. வர்க்கியோ அந்த எதிர்ப்பு எதன் மீது என்று தேடினார். குதிரைச் சீரம் ஏற்றப்பட்டவர்களின் இரத்தத்தில் ஒருவகை எதிர்ப்பொருள் தோன்றுவதை 1920களிலேயே ஐரோப்பிய மருத்துவர்கள் இருவர் எழுதியிருந்தார்கள். அது புரதத்தின் மீதல்ல, புரதத்தோடு ஒட்டியிருக்கும் ஒரு சர்க்கரையின் மீது பாய்கிறது என்பதை 1970களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். அந்தச் சர்க்கரை ஏன் மனித உடலுக்கு மட்டும் அந்நியமாக இருக்க வேண்டும் என்ற கேள்வியே வர்க்கியின் பிற்கால ஆய்வு முழுவதற்கும் தலைவாசல் ஆயிற்று.

வர்க்கி வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று அமெரிக்கா சென்றவர். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் கோர்ன்ஃபெல்டின் ஆய்வகத்தில், உயிரணுக்கள் சர்க்கரைத் தொடர்களை எப்படிக் கட்டுகின்றன என்பதைக் கற்றார். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவின் புறச்சவ்விலும் கிளைகளோடு கூடிய சர்க்கரைத் தொடர்கள் அடர்ந்து நிற்கின்றன. அவற்றுள் பலவற்றின் நுனியில், வெளியிலிருந்து வரும் எதுவும் முதலில் தொடக்கூடிய இடத்தில், சியாலிக் அமிலம் என்னும் ஒன்பது கார்பன் சர்க்கரை அமர்ந்திருக்கிறது. ஃப்ளூ வைரஸ் நம் மூச்சுக்குழாயில் பற்றிக்கொள்வது இதைத்தான்.

பாலூட்டிகளிடம் இந்த அமிலம் முக்கியமாக இரண்டு வடிவங்களில் காணப்படுகிறது: ஒன்று அசிட்டைல் வகை, மற்றது கிளைக்கோலைல் வகை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஓர் ஆக்சிஜன் அணு. அந்த அணுவைச் சேர்க்கும் நொதிக்கான மரபணு சிம்பன்சி, கொரில்லா, மாடு, ஆடு, பன்றி, எலி ஆகியவற்றில் பழுதின்றி வேலை செய்கிறது. மனிதரிடம் அதே மரபணுவில் 92 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு காணாமற்போயிருப்பதை வர்க்கியின் குழு 1998இல் வெளியிட்டது. ஜப்பானியக் குழு ஒன்றும் அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்திருந்தது. அந்த இழப்பு ஏறத்தாழ 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, சிம்பன்சியின் வழியிலிருந்து நம் முன்னோர் பிரிந்து நெடுங்காலம் சென்ற பிறகு, நேர்ந்தது என்று கணக்கிடுகிறார்கள். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் இடையே மரபணு அளவில் இவ்வளவு துலக்கமாகச் சுட்டிக்காட்டப்பட்ட உயிர்வேதியியல் வேறுபாடு அதற்கு முன் இருந்ததில்லை.

ஆனால் இங்கே ஒரு முரண் எழுந்தது. தயாரிக்கும் திறனே இல்லாத மனித உடலின் திசுக்களில், சிறிதளவுதான் என்றாலும், இந்தக் கிளைக்கோலைல் சர்க்கரை தென்பட்டது. அது உணவின் வழியே வருகிறதா என்று அறிய, ஆய்வாளர்கள் பன்றியிடமிருந்து பெற்ற அந்தச் சர்க்கரையைத் தாங்களே உட்கொண்டு, தங்கள் சிறுநீரிலும் முடியிலும் அது வெளிப்படுவதைச் சோதித்தார்கள். 2003இல் வெளிவந்த அந்த முடிவு, மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஆகியவற்றின் வழியே வரும் சர்க்கரை நம் திசுக்களில் குடியேறக்கூடும் என்று காட்டியது. கோழியிலும் மீனிலும் இது இல்லை என்றே சொல்லிவிடலாம். பசும்பாலில் கொஞ்சம் உண்டு. உயிரணு ஏமாறும் விதம் எளிது. வெளியிலிருந்து விழுங்கிய பொருளை உள்ளே உடைக்கும்போது பிரியும் இந்தச் சர்க்கரையை, ஓர் ஆக்சிஜன் அணு கூடுதலாக இருப்பதைப் பொருட்படுத்தாமல், நம் நொதிகள் சொந்தச் சரக்கைப் போலவே எடுத்துத் தொடரின் நுனியில் பொருத்திவிடுகின்றன. நோயெதிர்ப்பு மண்டலம் மட்டும் ஏமாறுவதில்லை. நம் எல்லோருடைய இரத்தத்திலும், கூடுதலாகவோ குறைவாகவோ, இதற்கெதிரான எதிர்ப்பொருள் இருக்கிறது.

இவ்வளவையும் சொன்ன பிறகுதான் ஸ்டெம் செல்லுக்கு வர முடிகிறது. மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்க்கும் முறையை 1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் கண்டறிந்தபோது, அந்தச் செல்கள் தனியாக விட்டால் தங்கள் இயல்பை இழந்துவிடும் என்பதால், அவற்றுக்கு அடியில் ஒரு தாங்கு படுகை தேவைப்பட்டது. எலியின் கருவிலிருந்து எடுத்த நார்த்திசுச் செல்களைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, அவை இனிப் பெருகாமல் உயிரோடு மட்டும் இருக்கும்படி செய்து, கிண்ணத்தின் அடியில் பரப்புவார்கள். அதன்மேல் மனித ஸ்டெம் செல்கள் சிறு தீவுகளாகப் படரும். இளஞ்சிவப்பு நிற ஊட்டக் கரைசலை நாள்தோறும் மாற்ற வேண்டும்; அந்தக் கரைசலிலும் கன்றுக்குட்டியின் சீரமோ, விலங்கிலிருந்து பெற்ற வேறு பொருளோ கலந்திருக்கும். பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்போம். இங்கே நாரில் ஏறியது வேண்டாத மணம்.

வர்க்கியின் குழுவும், சால்க் நிறுவனத்தின் ஃபிரெட் கேஜ் குழுவும் சேர்ந்து 2005இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து காட்டியது. மனிதக் கரு ஸ்டெம் செல்களின் மேற்பரப்பில் கிளைக்கோலைல் சர்க்கரை பதிந்திருந்தது. மனிதச் சீரத்தில் இயல்பாக உள்ள எதிர்ப்பொருள்கள் அந்தச் செல்களைப் பற்றிக்கொண்டன. அப்போது அமெரிக்க அரசின் நிதி, 2001 ஆகஸ்டுக்கு முன் உருவாக்கப்பட்ட செல் வழிகளுக்கு, அதாவது ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து பெருக்கப்பட்டுவரும் செல் கூட்டங்களுக்கு, மட்டுமே கிடைத்துவந்தது. அவையோ எலிப் படுகையில் வளர்ந்தவை. எனவே இந்த ஆய்வு அறிவியல் இதழோடு நில்லாமல் அரசியல் விவாதத்துக்குள்ளும் இழுக்கப்பட்டது. நோயாளிக்குச் செலுத்தும் ஸ்டெம் செல்களை ஆரம்பத்திலிருந்தே விலங்குப் பொருள் இல்லாமல் வளர்ப்பது நல்லது என்று ஆய்வாளர்கள் சொன்னது, இருக்கும் செல்கள் யாவும் பயனற்றவை என்று சில செய்திகளில் திரிந்து ஒலித்தது.

உண்மை அவ்வளவு கறாரானது அல்ல. மனிதச் சீரத்தில் வளர்த்தபோது அந்தச் சர்க்கரை குறைந்தது என்பதை அதே ஆய்வு தெரிவித்திருந்தது. மறு ஆண்டே வேறோர் ஆய்வகம், எதிர்ப்பொருள் ஒட்டினாலும் அதனால் ஸ்டெம் செல்கள் மடிவதில்லை என்று மறுப்பு எழுதியது. என் கணிப்பில், இந்த ஆய்வின் நிலையான பயன் வேறிடத்தில் இருக்கிறது: ஒரு செல் எந்த மரபணுக்களைக் கொண்டிருக்கிறது என்று பார்த்தால் போதாது, அது எதைத் தின்று வளர்ந்தது என்றும் கேட்க வேண்டும் என்ற எண்ணம் ஆய்வகங்களில் ஊன்றியது. 2006இல் விஸ்கான்சின் குழுவே விலங்குப் பொருள் கலவாத ஊட்டக் கரைசலை அறிமுகப்படுத்தியது. இன்று சிகிச்சைக்கென வளர்க்கப்படும் செல்களுக்கு அத்தகைய கரைசல்களையே நாடுகிறார்கள்.

நோயெதிர்ப்பு மண்டலத்துக்கும் சியாலிக் அமிலத்துக்கும் உள்ள உறவு பகை மட்டுமே அன்று. நம் வெள்ளை அணுக்களின் மீது சிக்லெக் எனப்படும் ஏற்பிகள் இருக்கின்றன. எதிரில் உள்ள செல்லில் சியாலிக் அமிலத்தைத் தொட்டறிந்தால், இது நம்மவர், அடங்கு என்று அவற்றுள் பல தம் அணுவுக்குச் சமிக்ஞை தருகின்றன. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்களில், சிம்பன்சியிடம் இருக்கும் இத்தகைய தடைகள் மனிதனின் டி செல்களில் பெரிதும் இல்லாமற்போயிருப்பதை வர்க்கியின் குழு 2006இல் தெரிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில் லண்டனில், டி செல்களைத் தூண்டும் ஒரு புதிய மருந்து செலுத்தப்பட்ட ஆறு தன்னார்வலர்கள் சில மணி நேரத்தில் கடும் நிலைக்குச் சென்றார்கள். குரங்குகள் அதைவிடப் பல நூறு மடங்கு அளவைத் தாங்கியிருந்தன. இந்தச் சிக்லெக் இழப்பு அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. பின்னர் வேறொரு விளக்கமே வலுப்பெற்றது: அந்த மருந்து பற்றும் ஏற்பி, குரங்கின் குறிப்பிட்ட டி செல் பிரிவில் இல்லவே இல்லை. கவர்ச்சியான கருதுகோள்கள் இப்படிப் பின்வாங்குவதையும் நேயர்களுக்குச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். சிவப்பிறைச்சிக்கும் புற்றுநோய்க்கும் இந்தச் சர்க்கரை ஒரு பாலமாகலாம் என்ற வாதத்துக்கு 2015இல் எலிகளிடம் கிடைத்த ஆதரவையும், மனிதரிடம் மெய்ப்பிக்கப்பட்டதாக இன்னும் கொள்ளக்கூடாது.

இதற்கிடையே, அந்தச் சர்க்கரையை நீக்க வேண்டிய கட்டாயம் உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் வந்தது. 2022 ஜனவரியில் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு மனிதருக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார்கள். அவர் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் உயிர் வாழ்ந்தார். அந்தப் பன்றியில் செய்யப்பட்ட பத்து மரபணு மாற்றங்களில் மூன்று, மனித உடல் எதிர்க்கும் மூன்று சர்க்கரைகளை உருவாக்கும் மரபணுக்களை முடக்குபவை. அவற்றுள் ஒன்று, 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் பழுதான அதே மரபணு. 2024 மார்ச்சில் பாஸ்டனில் உயிரோடு இருந்த ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட பன்றிச் சிறுநீரகத்திலும் அதே மூன்று மரபணுக்களும் முடக்கப்பட்டிருந்தன.

வணக்கம்.