முடிக்க நாள் இருக்குமா?

அடுத்த கேள்வியை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் அனுப்பியிருக்கிறார். ‘எனக்கு 71 வயது. என் ஊரைப் பற்றியும், பாட்டி எனக்குச் சொன்ன கதைகளையும் எழுத வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மூன்று முறை தொடங்கி நிறுத்திவிட்டேன். உடன் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இதை முடிக்க எனக்கு நாள் இருக்குமா என்று நினைத்தவுடனே கை நின்றுவிடுகிறது. என்ன செய்வது?’ என்று கேட்கிறார்.

அம்மா, வயதெல்லாம் மனத்தில்தான் இருக்கிறது என்று சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை. மூட்டு வலியும் கண்புரையும் மனத்தில் இருப்பவை அல்ல. நாள் இருக்குமா என்ற ஐயமும் நியாயமானதே. ஆனால், அதற்கு விடை தெரிந்த பிறகுதான் எழுதுவேன் என்று உங்களை அறியாமலேயே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் சற்றுப் பார்க்க வேண்டும்.

உ.வே.சாமிநாதையர் 1855இல் பிறந்தவர். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது அவருக்கு 32 வயது. குறுந்தொகையை 1937இல் வெளியிட்டபோது 82. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்திருக்க, அவருடைய வரலாற்றை எண்பதை நெருங்கும் வயதில்தான் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அதன் பிறகு, 1940ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், தம் சொந்த வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுத ஒப்புக்கொண்டார். 85 வயதை எட்டிக்கொண்டிருந்த ஒருவர், சிறு வயதிலிருந்து தொடங்கி அவ்வளவு நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனதைப் பார்த்தால், முடிப்பதைப் பற்றிய அவசரம் அவருக்கு இருந்ததாகவே தோன்றவில்லை. உலகப் போர் அச்சத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்திற்குச் சென்றிருந்தபோது, 1942 ஏப்ரல் 28 அன்று அவர் காலமானார். ‘என் சரித்திரம்’ என்ற அந்தத் தன்வரலாறு, அவருடைய மணிமேகலைப் பதிப்பு வெளிவந்த 1898ஐ ஒட்டிய காலத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளை அவர் வாயால் கேட்க முடியாமற்போனது இழப்புதான்; அதை மறைக்க வேண்டியதில்லை.

இருந்தும், அந்த நூலைப் படிப்பவர் அதைக் குறைநூல் என்று ஒதுக்குவதில்லை. அது வாரம் ஓர் அத்தியாயமாகப் பிறந்தது என்பதே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். தம்மைப் பழந்தமிழ் நூல்களின் பக்கம் திருப்பிய சேலம் இராமசாமி முதலியாரை 1880இல் கும்பகோணத்தில் சந்தித்தது, வீடு வீடாக ஏடு தேடி அலைந்தது என ஒவ்வொன்றும் தன்னளவில் நிறைவு பெற்ற கதையாக இருக்கிறது. எந்த வாரம் நின்றிருந்தாலும், அதுவரை எழுதியது வீணாகியிருக்காது.

ஆகவே, ‘புத்தகம்’ என்ற நினைப்பை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு கதை, மூன்று பக்கம், கீழே தேதி. அன்றே வீட்டில் யாருக்காவது படித்துக் காட்டிவிடுங்கள். அத்தோடு அது முடிந்த வேலை. கை வலித்தால் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1941இல் வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு, முன்போல் நின்று வரைய இயலாமல், வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டத் தொடங்கினார். 1954இல் 84ஆம் வயதில் இறக்கும் வரை அவருக்கு அதுவே முதன்மையான கலையாக இருந்தது.

சாவைப் பற்றிய எண்ணம் எழுதும்போதும் வரும். வந்தால் வரட்டும் என்று, எடுத்த பக்கத்தை முடித்துவிட்டு எழுந்திருங்கள். ஊரின் கோயிலையும் குளத்தையும் பற்றிப் பிறகு வேறொருவர்கூட எழுதலாம். பாட்டி உங்களுக்குச் சொன்ன கதையை, அவர் சொன்ன விதத்தில், வேறு யாரும் எழுத இயலாது என்பதால் முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.