சீட்டாட்ட மேசையும் பூட்டிய இழுப்பறையும்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதனால் ஒரு வானொலிக் குரலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1948 நவம்பர் 2. அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடந்த நாளின் இரவு. பதவியில் இருந்த ஹாரி ட்ரூமன் நிருபர்கள் கண்ணில் படாமல் நழுவி, மிசௌரி மாநிலத்தில் எக்செல்சியர் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில் ஒரு ஓட்டலுக்குப் போய்விட்டார். ஒரு சாண்ட்விச், ஒரு டம்ளர் பால். சாப்பிட்டுப் படுத்துவிட்டார். நடுராத்திரியில் விழிப்பு வந்தது. வானொலியைத் திருப்பினார். கால்டன்போர்ன் என்ற பிரபல செய்தி விமர்சகர், வெடுக் வெடுக்கென்று பேசும் தன் பாணியில், 'ட்ரூமன் 12 லட்சம் ஓட்டு முன்னால் இருக்கிறார், ஆனாலும் தோற்கப்போவது அவர்தான்' என்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். ட்ரூமன் மறுபடி தூங்கிவிட்டார். விடியற்காலை நாலு மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி வந்து எழுப்பினார். முன்னிலை 20 லட்சம் ஆகியிருந்தது.

1949 ஜனவரியில், பதவியேற்புக்கு முன் நடந்த ஒரு விருந்தில், ட்ரூமன் எழுந்து நின்று கால்டன்போர்னின் குரலை மிமிக்ரி செய்து காட்டினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மனிதருக்குக் கதை சொல்ல வரும். அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கும் வரும். இன்றைக்கு நான் பேச வந்தது அந்தக் கதைகளைப் பற்றித்தான். அதிகார வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர்கள் ஓர் அதிபரை எப்படி நினைவு வைத்திருந்தார்கள், அதில் எதை நம்பலாம் என்பதைப் பற்றி.

ட்ரூமனைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1884இல் பிறந்தவர். சோடாபுட்டிக் கண்ணாடி. கல்லூரிப் பட்டம் கிடையாது. பத்து வருஷத்துக்கு மேல் ஏர் பிடித்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படைக் கேப்டன். திரும்பி வந்து கான்சஸ் சிட்டியில் நண்பரோடு சேர்ந்து சட்டை, டை, தொப்பி விற்கும் கடை வைத்தார். கடை நொடித்துப்போனது. அந்தக் கடனைப் பல வருஷம் அடைத்தார். அப்புறம் ஊர் அரசியல், செனட், 1945 ஜனவரியில் துணை அதிபர். அந்தப் பதவியில் இருந்தது 82 நாள்தான்.

82ஆம் நாள், ஏப்ரல் 12. செனட் முடிந்ததும், நாடாளுமன்றக் கட்டடத்தில் சபாநாயகர் சாம் ரேபர்னின் தனியறைக்கு ஒரு மடக்கு விஸ்கிக்காகப் போனார். அந்த அறைக்கு வேடிக்கையாக 'கல்வி வாரியம்' என்று பெயர். உள்வட்டம் கூடுகிற இடம். வெள்ளை மாளிகையிலிருந்து போன் வந்ததாக ரேபர்ன் சொன்னார். திருப்பிக் கூப்பிட்டால், உடனே வரச் சொன்னார்கள். போனார். அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் அவர் தோளில் கை வைத்து, "ஹாரி, அதிபர் இறந்துவிட்டார்" என்றார். உங்களுக்கு நான் ஏதாவது செய்யட்டுமா என்று ட்ரூமன் கேட்டாராம். அந்த அம்மா, "உங்களுக்கு நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா? இப்போது இக்கட்டில் இருப்பது நீங்கள்தானே" என்றாராம். அன்று மாலை ஏழு மணி சுமாருக்குப் பதவிப் பிரமாணம். மறுநாள் நிருபர்களைப் பார்த்து, நிலாவும் நட்சத்திரங்களும் கிரகங்களும் என் தலைமேல் விழுந்த மாதிரி இருந்தது என்றார்.

ரேபர்ன் அவருக்குச் சொன்ன புத்திமதி ஒன்று எனக்குப் பிடிக்கும். உலகத்திலேயே உன்னைவிடப் புத்திசாலி கிடையாது என்று சுற்றி இருப்பவர்கள் சொல்வார்கள், அப்படி இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்றார். இப்படிச் சொல்ல ஒரு சிநேகிதன் இருப்பது எந்தப் பதவிக்காரனுக்கும் லாபம்.

சரி, இப்போது வில்லங்கத்துக்கு வருகிறேன். பதவியேற்ற பதினோராம் நாள், ஏப்ரல் 23, சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலடோவ் ட்ரூமனைப் பார்க்க வந்தார். போலந்து விவகாரம். ட்ரூமன் கடுமையாகப் பேசினார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பத்து வருஷம் கழித்து அவர் எழுதிய நினைவுகளில் முடிவு இப்படி வருகிறது. "வாழ்க்கையில் யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை" என்கிறார் மோலடோவ். "ஒப்புக்கொண்டதைச் செய்யுங்கள், யாரும் இப்படிப் பேச மாட்டார்கள்" என்கிறார் ட்ரூமன். கைதட்டல் வாங்குகிற வசனம். எத்தனையோ வரலாற்றுப் புத்தகங்களில் ஏறிவிட்டது.

ஆனால் அந்த அறையில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்தவர் சார்லஸ் போலன். குறிப்பெடுத்தவரும் அவரே. அந்தக் குறிப்பில் இந்த வசனம் இல்லை. போலனுக்கு நினைவிருந்தது வேறு: ட்ரூமன் பேச்சைச் சட்டென்று முறித்து, "அவ்வளவுதான், மிஸ்டர் மோலடோவ். என் கருத்தை ஸ்டாலினிடம் தெரிவியுங்கள்" என்றார். முறிப்பு இருக்கிறது, சவால் வசனம் இல்லை. அந்தச் சந்திப்புக்கு ஒரு வாரம் கழித்தே ட்ரூமன் ஒரு நண்பரிடம், அவன் தாடையில் இரண்டு குத்து விட்டேன் என்கிற தோரணையில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் குத்து, பத்து வருஷத்தில் வசனம்.

பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. தெருமுனையில் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வரும் மனுஷன் சாப்பாட்டுத் தட்டு முன் உட்கார்ந்து அதையே திரும்பச் சொல்லும்போது, வாயில் வராத பதிலெல்லாம் வந்ததாக ஆகிவிடும். நான் அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டவன். என் மனைவிக்குத் தெரியும்.

இன்னொன்று இதைவிட மோசம். 1950 அக்டோபர் 15, பசிபிக் கடலில் வேக் தீவு. கொரியப் போர் நேரம். தளபதி மெக்கார்தரை ட்ரூமன் அங்கே சந்தித்தார். மெக்கார்தர் வேண்டுமென்றே விமானத்தை வானத்தில் வட்டமடிக்க வைத்து, அதிபரை முதலில் இறங்கவிட்டுக் காத்திருக்க வைக்கப் பார்த்தார், ட்ரூமன் விடவில்லை, ரேடியோவில் அதட்டி இறங்க வைத்தார் என்று ஒரு கதை ட்ரூமன் சொன்னதாகவே அச்சில் வந்து, அப்புறம் தொலைக்காட்சியிலும் வந்தது. ஆனால் மெக்கார்தர் முந்தின நாளே தீவுக்கு வந்து தங்கிவிட்டார். ட்ரூமன் விமானம் இறங்கியபோது ஓடுபாதையில் நின்று கைகுலுக்கினார். பார்த்தவர்கள் அத்தனை பேர். ட்ரூமன் சொன்னதா, எழுதியவர் கை வைத்ததா, எப்படியானாலும் நடக்கவே நடக்காத ஒன்று. அடுத்த ஏப்ரலில் மெக்கார்தரைப் பதவி நீக்கம் செய்தாரே, அது உண்மை, அதற்கு வேண்டிய துணிச்சலும் உண்மை. அந்தப் பெரிய துணிச்சலுக்கு இந்தக் கட்டுக்கதை எதற்கு?

அதிபர் மட்டுமா? அவர் ஆட்களும்தான். கிளார்க் கிளிஃபோர்டு என்ற இளம் வழக்கறிஞர் ட்ரூமனுக்கு வலது கை. நல்ல உயரம், நல்ல முகவெட்டு, தேன் குரல். 1948 தேர்தலை எப்படி ஜெயிப்பது என்று 1947 நவம்பரில் அதிபர் மேசைக்குப் போன புகழ்பெற்ற அறிக்கை அவர் பெயரில்தான் இருந்தது. அதில் பெரும்பகுதியை எழுதியவர் ஜேம்ஸ் ரோ. ரோவின் தொழில் கூட்டாளியை ட்ரூமனுக்குப் பிடிக்காது, அதனால் பெயர் மாறிப் போனது. வருஷக்கணக்கில் கிளிஃபோர்டுதான் அந்தத் தேர்தலின் சாணக்கியர் என்று பெயர் வாங்கினார்.

ஆனால் அதே கிளிஃபோர்டு சொன்ன ஒரு கதையை நான் நம்புகிறேன். 1948 அக்டோபர், ட்ரூமன் ரயிலிலேயே நாடு முழுக்கச் சுற்றுகிறார். நியூஸ்வீக் பத்திரிகை 50 அரசியல் நிருபர்களிடம் யார் ஜெயிப்பார் என்று கேட்டு வைத்திருந்தது. ஒரு ஸ்டேஷனில் கிளிஃபோர்டு இறங்கி ஓடிப்போய் இதழ் வாங்கினார். ஐம்பதுக்கு ஐம்பதும் எதிராளி டூயிக்கு. இதை எப்படி அவரிடம் காட்டுவது? கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு கடைசிப் பெட்டி வழியாக நைசாக நழுவப் பார்த்தார். ட்ரூமன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். என்ன போட்டிருக்கிறான் என்று கேட்டார். எதைச் சொல்கிறீர்கள் என்றார் இவர். நீ ஸ்டேஷனுக்குள் போனதைப் பார்த்தேன், கோட்டுக்குள் கையை இடுக்கிக்கொண்டு வருவதையும் பார்க்கிறேன் என்றார். எடுத்துக் கொடுத்தார். ட்ரூமன் படித்துப் பார்த்தார். இந்த ஐம்பது பேரையும் எனக்குத் தெரியும், ஒருத்தனுக்கும் எலி வளையில் மண் தள்ளுகிற அளவுக்குக்கூட மூளை கிடையாது என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் தேர்வாளர் ஓட்டு, அதாவது அதிபரை முடிவு செய்கிற மாநிலவாரி ஓட்டு, ட்ரூமனுக்கு 303, டூயிக்கு 189.

இதை ஏன் நம்புகிறேன்? கதையில் கிளிஃபோர்டு அசடு வழிகிறார். பத்திரிகையைத் திருடன் மாதிரி ஒளித்து, கையும் களவுமாகப் பிடிபடுகிறார். சொல்பவனுக்கு ஆதாயம் இல்லாத நினைவு என்றால் எனக்கு அதன் மேல் கொஞ்சம் மதிப்பு கூடிவிடும்.

சீட்டாட்டக் கதையும் அந்த ரகம். 1946 மார்ச்சில் சர்ச்சிலை ரயிலில் மிசௌரிக்கு அழைத்துப் போனார் ட்ரூமன், 'இரும்புத் திரை' என்று உலகமே பேசிய உரைக்காக. இரவில் போக்கர். சர்ச்சில் பல வருஷமாக ஆடுகிறவர், நம் நாட்டு மானம் போய்விடக் கூடாது என்று தன் ஆட்களை முன்பே எச்சரித்திருந்தார் ட்ரூமன். ஆட ஆரம்பித்தால் மனுஷனுக்கு ஆட்டமே சரியாக வரவில்லை. தோற்றுக்கொண்டே இருந்தார். அவர் சற்று எழுந்து போன நேரம், விருந்தாளியை இப்படியா மொட்டையடிப்பது என்று ட்ரூமன் கடிந்துகொண்டார். போர்க்காலச் சிநேகிதர் ஹாரி வான், தேச மானத்துக்கு ஆடவேண்டும் என்றால் இவர் உள்ளாடையைக்கூட விடமாட்டோம், விட்டுக்கொடுக்கச் சொன்னால் அது வேறு என்றார். அப்புறம் அளவாக ஜெயிக்கவிட்டு, அளவாகத் தோற்கடித்தார்கள்.

நம் நாட்டுப் பக்கமும் ஒரு நினைவு உண்டு, அவ்வளவு இனிப்பானது இல்லை. 1951இல் செஸ்டர் பவுல்ஸ் இந்தியாவுக்குத் தூதராகப் போக விரும்பினார். ட்ரூமனுக்கு ஆச்சரியம். இந்தியா என்றால் ஏழை ஜனம், தெருவில் திரியும் மாடு, கங்கையில் குளிப்பவர்கள், அதை யாராவது முக்கியம் என்று நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்கிற தொனியில் பேசினாராம். 1949இல் நேருவை நேரில் வரவேற்ற அதே மனிதர். இந்தியாவுக்கு 19 கோடி டாலர் தானியக் கடன் கொடுக்கும் சட்டத்தில் 1951 ஜூனில் கையெழுத்துப் போட்டதும் அவரே. கையெழுத்து ஒரு பக்கம், மனசில் இருந்த படம் இன்னொரு பக்கம்.

இனி சார்லி ராஸ். எனக்கு இந்த உள்வட்டத்தில் மிகவும் பிடித்தவர் இவர்தான். ட்ரூமனோடு 1901இல் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் தேறியவர். பட்டமளிப்பு நாளில் ஆங்கில ஆசிரியை, முதல் மாணவனான ராஸுக்கு முத்தம் கொடுத்தாராம். எனக்கு இல்லையா என்று கேட்ட ட்ரூமனிடம், நீ ஏதாவது சாதித்துவிட்டு வா என்றாராம். 1945இல் ராஸ் அதிபரின் பத்திரிகைச் செயலராக ஒப்புக்கொண்ட அன்று, இரண்டு பேரும் அந்த ஆசிரியைக்குப் போன் போட்டார்கள். இப்போதாவது கிடைக்குமா என்றார் ட்ரூமன். வந்து வாங்கிக்கொள் என்றார் அந்த அம்மா.

ராஸின் பெரிய வேலை, ட்ரூமனின் கோபம் தபால் பெட்டிக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. ஆத்திரம் வந்தால் அதிபர் கைப்பட எழுதித் தள்ளுவார். பக்கத்தில் இருப்பவர்கள் பேசித் தணிப்பார்கள். கடிதம் இழுப்பறைக்குப் போகும். அனுப்பாத கடிதங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன.

1950 டிசம்பர் 5. கொரியாவில் சீனப் படை அமெரிக்கர்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்த வாரம். மாலையில் நிருபர்களிடம் பேசி முடித்த ராஸ், தன் மேசையிலேயே சரிந்து இறந்துபோனார். ட்ரூமன் கைப்பட ஓர் அஞ்சலி எழுதி நிருபர்கள் முன் வந்தார். இரண்டு வரிகூடப் படிக்க முடியவில்லை. என்னால் படிக்க முடியாது, என் மனசு உங்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அன்றைக்கே ராத்திரி மகள் மார்கரெட்டின் பாட்டுக் கச்சேரி. அவளிடம் ராஸ் இறந்ததைச் சொல்லவில்லை. மறுநாள் வாஷிங்டன் போஸ்ட்டில் பால் ஹ்யூம் என்ற விமர்சகர், குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் பாட வரவில்லை என்று எழுதினார். ட்ரூமன் பேனாவை எடுத்தார். உன்னை நேரில் பார்த்தால் உனக்குப் புது மூக்கு தேவைப்படும் என்று எழுதினார். மூன்று சென்ட் தபால்தலை. தடுக்க ராஸ் இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்தது, பத்திரிகையிலும் வந்துவிட்டது.

ஹ்யூம் கதையை ட்ரூமனும் சொல்லிச் சிரித்திருக்கிறார். மார்கரெட்டும் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை அவர் யாரிடமும் சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை. 1972 டிசம்பர் 26 அன்று, 88ஆம் வயதில் ட்ரூமன் இறந்தார். இண்டிபெண்டன்ஸ் ஊரில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் அவருக்கு ஓர் அலுவலக அறை இருந்தது. அந்த மேசை இழுப்பறையில் ஒரு கடிதமும், போரில் காயம்பட்டவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் கொடுக்கும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும் இருந்தன. கொரியாவில் மகனைப் பறிகொடுத்த தகப்பன் எழுதியது. என் மகன் உயிர் போனதற்கு நீங்கள்தான் பொறுப்பு, இந்தப் பதக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என் மகனுக்கு நேர்ந்தது அங்கே உங்கள் மகளுக்கு நேராமல் போயிற்றே என்பதுதான் என் வருத்தம் என்று எழுதியிருந்தார்.

அதற்கு ட்ரூமன் பதில் எழுதியதாகத் தெரியவில்லை. கிழித்துப் போடவும் இல்லை. கை எட்டுகிற இழுப்பறையில் அத்தனை வருஷம் வைத்திருந்தார்.

வணக்கம்.